பத்தாவது தடவையும் அதே புத்தகம்

குழந்தை வளர்க்கிறவர்கள் புத்தகத்தைப் பற்றிச் சொல்லும் புகார்களில் இரண்டு அடிக்கடி காதில் விழும். ஒன்று, பிள்ளை புத்தகத்தையே தொடுவதில்லை. இன்னொன்று, தொட்டால் ஒரே புத்தகத்தைத்தான் தொடுகிறது. அட்டை கிழிந்து, தையல் பிரிந்து, எந்தப் பக்கத்தில் என்ன வரும் என்று வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான பிறகும் அதையே தூக்கிக்கொண்டு வருகிறது, ஆசையாக வாங்கிக் கொடுத்த மற்றதெல்லாம் அலமாரியில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. முதல் புகாரில் நியாயம் இருக்கிறது. இரண்டாவதில் இல்லை என்பது என் கட்சி. இன்றைக்கு நிறையப் படிக்கிற யாரையாவது பிடித்துக் கேட்டுப் பாருங்கள், சின்ன வயதில் அப்படியொரு கிழிந்த புத்தகம் இருந்ததா என்று. பெரும்பாலும் கேள்வியை முடிக்கும் முன்பே முகம் மாறிவிடும். அந்தக் கிழிந்த புத்தகம் உள்ளுக்குள் என்ன வேலை செய்தது என்பதற்கு ஓரளவு நல்ல விளக்கங்கள் இப்போது இருக்கின்றன.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். பேச்சு தானாக வந்துவிடும், சுற்றியிருப்பவர்கள் பேசுவதைக் கேட்டே குழந்தை பேசப் பழகிவிடுகிறது. படிப்பு அப்படி வராது. எழுத்து என்ற ஒன்றை மனிதன் கண்டுபிடித்து ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது, அதற்கென்று மூளையில் தனியாக ஒரு பகுதி பரிணாமத்தில் உருவாக அந்தக் காலம் போதவே போதாது. அதனால் மூளை என்ன செய்கிறதென்றால், முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண வைத்திருக்கும் இடத்தில், இடது பக்கம் கொஞ்சத்தைக் காலி செய்து எழுத்துக்கு ஒதுக்குகிறது. பிரெஞ்சு நரம்பியல் ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் இதை 'மறுசுழற்சி' என்றே சொல்கிறார். வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த இடம் புது வேலைக்குப் பழக வேண்டும், பழகுவதென்றால் ஒரே சொல்லை எத்தனையோ தடவை பார்க்க வேண்டும். அதுவரை குழந்தை எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோயிருக்கும். அந்தக் கட்டத்தில் இருக்கும் பிள்ளையிடம் போய் வாசிப்பின் இன்பத்தைப் பற்றிப் பேசுவது, தண்ணீரில் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவனிடம் நீச்சலின் சுகத்தைப் பற்றிப் பேசுவது மாதிரிதான்.

கிழிந்த புத்தகம் இந்த இடத்தில்தான் கை கொடுக்கிறது. ஜீன் சால் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1983-இல் வெளியிட்ட நூலில் படிக்கக் கற்பதைப் பல படிகளாகப் பிரித்தார். எழுத்துகளை அறிந்துகொள்வது ஒரு படி, படித்து விஷயம் தெரிந்துகொள்வது பிந்தைய ஒரு படி. இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய ஏழெட்டு வயதில், பலரும் கவனிக்காத ஒரு படி இருக்கிறது. எழுத்தோடு பசை போட்டு ஒட்டிக்கொண்டிருக்கும் கண் மெல்ல விடுபட்டு ஓடத் தொடங்குகிற படி அது. அந்த வயதில் குழந்தை புதிதாக எதையும் தெரிந்துகொள்ளப் படிப்பதில்லை, ஏற்கெனவே தெரிந்ததை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் படிக்கிறது என்பது அவர் கணிப்பு. யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. கதை தெரியும், அடுத்து நரி வரப்போகிறது என்றும் தெரியும், ஆகவே 'நரி' என்ற சொல்லைக் கூட்டிக் கூட்டிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, வந்ததும் தலையாட்டிவிட்டு மேலே போகலாம். மூளைக்கு மிச்சமாகும் அந்தக் கொஞ்சத் தெம்பில்தான் முதன்முதலாகக் கதை கதையாகத் தெரிகிறது. பத்தாவது தடவை அதே புத்தகத்தை எடுக்கும் பிள்ளை சோம்பேறித்தனம் பண்ணவில்லை, ஓடிப் பழகிக்கொண்டிருக்கிறது.

படிக்கத் தெரியாத, கேட்க மட்டும் தெரிந்த குழந்தைகளிடமும் இதே சங்கதி. ஜெசிகா ஹார்ஸ்ட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2011-இல் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். சில குழந்தைகளுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினார்கள், மற்றவர்களுக்கு வேறு வேறு கதைகள். புதுச் சொற்கள் இரண்டு தரப்புக்கும் ஒரே எண்ணிக்கையில்தான் காதில் விழுந்தன. ஆனால் ஒரே கதையைக் கேட்டவர்களுக்குத்தான் அந்தச் சொற்கள் நன்றாக ஒட்டின. கதை புரிவதற்காக முதல் தடவை செலவழிகிற கவனம் இரண்டாம் மூன்றாம் தடவையில் சொல்லின் மேல் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். "இன்னொரு தடவை" என்று கெஞ்சும் குழந்தைக்குத் தன் தேவை தெரிந்திருக்கிறது, படித்துக் காட்டுகிறவருக்குத்தான் அலுத்துவிடுகிறது. (அலுப்பு நியாயமானதுதான். நானும் பக்கத்தைக் கள்ளத்தனமாகத் தாண்டியிருக்கிறேன், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.)

எழுத்தாளர்களிலும் சிலர் இந்தத் திரும்பச் சொல்லலைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துத் தைத்தார்கள். 1954-இல் ஜான் ஹெர்சி என்ற எழுத்தாளர் லைஃப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார், பிள்ளைகள் படிக்கத் திணறுவதற்கு வகுப்பில் கொடுக்கும் உப்புச்சப்பில்லாத வாசிப்புப் பாடங்களும் ஒரு காரணம் என்று. அதைத் தொடர்ந்து, சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து அதற்குள் நின்று ஒரு கதை எழுதித் தரும்படி சிறுவர் நூல் எழுத்தாளர் டாக்டர் சூஸிடம் கேட்டார்கள். 1957-இல் வந்த 'தி கேட் இன் தி ஹேட்' மொத்தமும் 236 சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு எழுதியது. மூன்று ஆண்டு கழித்து, ஐம்பதே சொற்களில் முடியாது என்று பதிப்பாளர் பந்தயம் கட்ட, ஐம்பதே சொற்களில் இன்னொன்றை எழுதிக் காட்டினார். ஒரே சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, ஆனால் பாடம் என்ற வாடை இல்லை, பூனை வீட்டை நாசம் செய்துகொண்டிருக்கிறது, அம்மா வருவதற்குள் என்ன ஆகுமோ என்ற பதைப்பு இருக்கிறது. பயிற்சி நடப்பதே தெரியாமல் பயிற்சி நடந்துவிடுகிறது.

கண் ஓடத் தொடங்கிவிட்டால் அப்புறம் நடப்பது வேறு ரகம். டேவிட் ஷேர் 1995-இல் முன்வைத்த கருத்து ஒன்று உண்டு: குழந்தை தானாக ஒரு புதுச் சொல்லை ஒலித்துப் பார்த்துப் படித்துவிடும் ஒவ்வொரு தடவையும், அந்தச் சொல்லின் வடிவத்தைத் தனக்குத் தானே கற்பித்துக்கொள்கிறது. ஆசிரியர் எத்தனை சொற்களைத்தான் சொல்லித்தர முடியும்? மிச்சமெல்லாம் பிள்ளை தனியாக, எங்கோ ஒரு மூலையில் கால் நீட்டி உட்கார்ந்து, தானே சேர்த்துக்கொள்வது. அங்கே எந்தப் புத்தகம் கையில் இருக்கிறது என்பதைவிட, கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். நேரத்தைத் தீர்மானிப்பது பிடித்தம்.

புத்தகத்தில் கிடைக்கும் சொற்கள் பேச்சில் கிடைப்பதில்லை என்பதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் செய்த கணக்கு இது. அதிகம் புழங்கும் முதல் பத்தாயிரம் சொற்களுக்கு வெளியே இருப்பதை அரிய சொல் என்று வைத்துக்கொண்டு ஹேயஸும் அரென்ஸும் 1988-இல் எண்ணினார்கள். கல்லூரிப் படிப்பு முடித்த பெரியவர்கள் தங்களுக்குள் பேசும்போது ஆயிரம் சொல்லுக்குச் சுமார் 17 அரிய சொற்கள். சிறுவர் புத்தகங்களில் சுமார் 31. படித்தவர்களின் உரையாடலைவிட ஒரு சிறுவர் கதையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைவிட வேடிக்கை, காமிக்ஸில் 53. பெரியவர்களுக்கான புத்தகங்களில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். "பொம்மைப் புத்தகத்தை மூடிவிட்டு உருப்படியாக ஏதாவது படி" என்று திட்டு வாங்கியவர்கள் இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இதனால் ஒரு ஏற்றத்தாழ்வும் உண்டாகிறது. சீக்கிரம் சரளம் வந்த குழந்தைக்குப் படிப்பு இனிக்கும், இனிப்பதால் நிறையப் படிக்கும், நிறையப் படிப்பதால் சொல் சேரும், சொல் சேர்வதால் அடுத்த புத்தகம் இன்னும் இலகுவாகும். தடுமாறும் குழந்தைக்கு இதே சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். கீத் ஸ்டானோவிச் 1986-இல் இதை விவிலியத்து மத்தேயுவின் பெயரால் அழைத்தார், உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்ற வரியை வைத்து. பிடித்த புத்தகம் என்பது பல குழந்தைகளுக்கு இந்தச் சக்கரம் நல்ல பக்கமாகச் சுற்றக் கிடைக்கும் முதல் தள்ளு. அதைப் பிள்ளையின் கையிலிருந்து பெரியவர்கள் பிடுங்கி 'தரமான' ஒன்றைத் திணிக்கும்போது என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

ஆனாலும் பிடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், இந்த வரலாறு கொஞ்சம் சிரிப்பாகவே இருக்கும். அமெரிக்காவில் எட்வர்ட் ஸ்ட்ராட்டமேயர் என்பவர் சிறுவர் தொடர்கதைகளைத் தொழிற்சாலை மாதிரி உற்பத்தி செய்தார். கதைச் சுருக்கத்தை அவர் கொடுப்பார், கூலிக்கு எழுதுகிறவர்கள் எழுதுவார்கள், அட்டையில் கற்பனையான ஒரு ஆசிரியரின் பெயர் இருக்கும். 1914-இல் சாரணர் இயக்கத்தின் தலைமை நூலகர் ஃபிராங்க்ளின் மத்யூஸ் இப்படிப்பட்ட மலிவுக் கதைகளைக் கண்டித்து, இவை பையன்களின் மூளையை வெடிக்க வைக்கின்றன என்ற பொருள்படத் தலைப்புப் போட்டே கட்டுரை எழுதினார். தொழிற்சாலை நிற்கவில்லை, 1927-இல் ஹார்டி பாய்ஸ் என்ற துப்பறியும் தொடர் வந்தது, 1930-இல் நான்சி ட்ரூ என்ற இன்னொரு துப்பறியும் தொடர் வந்தது. பல நூலகங்கள் இவற்றை வாங்க மறுத்தன. பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதிகளாகப் போன மூன்று பெண்கள், சாண்ட்ரா டே ஓ'கானர், ரூத் பேடர் கின்ஸ்பர்க், சோனியா சோட்டோமேயர், மூவருமே சின்ன வயதில் நான்சி ட்ரூ படித்ததைச் சொல்லியிருக்கிறார்கள். மூளை வெடிக்கவில்லை போலிருக்கிறது.

1954-இல் ஃப்ரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் படித்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று புத்தகமே எழுதினார். அந்த ஆண்டே அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது, பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். வெர்தமின் ஆவணங்களைப் பிற்பாடு தோண்டிப் பார்த்த கரோல் டில்லி, அவர் தன் வாதத்துக்குத் தோதாகக் குழந்தைகளின் வாக்குமூலங்களைத் திரித்தும் சேர்த்தும் போட்டிருந்ததை 2012-இல் காட்டினார். சரி, காமிக்ஸும் துப்பறியும் கதையும் சண்டை சச்சரவு நிறைந்தவை, பயந்தார்கள் என்று விடலாம். 'குட்நைட் மூன்' என்ன பாவம் செய்தது? ஒரு முயல்குட்டி தூங்கப்போகும் முன் அறையில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் இரவு வணக்கம் சொல்கிறது, அவ்வளவுதான் கதை. 1947-இல் வந்த அந்தப் புத்தகத்தை நியூயார்க் பொது நூலகம் 1972 வரை அலமாரியில் வைக்கவே இல்லை, அங்கே செல்வாக்காக இருந்த நூலகருக்கு அது பிடிக்கவில்லை. இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் அதைக் கேட்டுத் தூங்கினார்கள் என்று எண்ணி மாளாது.

தொடர்கதைகளின் மேல் பெரியவர்களுக்கு இருக்கும் முக்கியமான குறை, எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்பது. அந்த ஒரே மாதிரிதான் அவற்றின் பலம். ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988-இல் செய்த ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வருணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் மந்தம் என்று மதிப்பிடப்பட்ட, ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், நன்றாகப் படிக்கக்கூடிய ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட மேலாகப் புரிந்துகொண்டார்கள். களம் தெரிந்தால் எழுத்து வழிவிடும். தொடர்கதையில் அந்தக் களத்தைக் கதையே அமைத்துக் கொடுத்துவிடுகிறது: ஆட்கள் தெரிந்தவர்கள், வீடு தெரிந்த வீடு, யார் எப்போது கோபப்படுவார் என்பது தெரியும். முதல் புத்தகத்தில் பட்ட சிரமம் இரண்டாவதில் பாதி, ஏழாவதில் இல்லவே இல்லை. அதோடு, ஒரு புத்தகத்தை முழுசாக முடித்துவிட்டோம் என்ற கர்வம் இருக்கிறதே, அதையும் தொடர்கதை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நான் தடி புத்தகங்களை அஞ்சாமல் எடுத்ததற்கு எந்த மகத்தான இலக்கியமும் காரணமில்லை, முதுகில் எண் போட்டு வந்த ஒரு தொடரை ஒன்றிலிருந்து கடைசிவரை முடித்த மப்புதான் காரணம்.

பரிசு கொடுத்தால் படிப்பார்கள் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் 1973-இல் படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சான்றிதழ் வாங்கி ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அவர்கள் தாமாகப் பேனாவை எடுக்கும் நேரம் மற்றவர்களுடையதில் பாதியளவுக்கு இறங்கியிருந்தது. வாசிப்பிலும் இதன் நிழல் உண்டு. தினமும் எத்தனை நிமிடம் படித்தாய் என்று கட்டாயமாகக் குறித்துவரச் சொன்ன இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆர்வம் குறைந்ததையும், விருப்பமிருந்தால் எழுது என்று விட்டவர்களின் ஆர்வம் கூடியதையும் 2012-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. காரணம் புரிகிற மாதிரிதான் இருக்கிறது. இருபது நிமிடம் ஆகிவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே யாராலும் கதைக்குள் போக முடியாது.

வீட்டில் புத்தகம் இருப்பது உதவுமா என்றால், உதவுவதாகத்தான் தெரிகிறது, ஆனால் இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஜோனா சிகோராவும் மற்றவர்களும் 31 நாடுகளில் எடுத்த தகவல்களை அலசி 2019-இல் எழுதினார்கள்: பதினாறு வயதில் வீட்டில் எத்தனை புத்தகங்கள் இருந்தன என்று பெரியவர்களைக் கேட்டதில், சுமார் 80 புத்தகங்கள் இருந்த வீட்டில் வளர்ந்தவர்கள் வாசிப்புத் திறனில் சராசரியைத் தொட்டார்கள், அதற்கு மேலும் எண்ணிக்கையோடு திறன் ஏறியது, 350 வாக்கில் ஏற்றம் நின்றது. பெற்றோரின் படிப்பையும் வேலையையும் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் இருந்தது. அதற்காக எண்பது புத்தகங்களை மொத்தமாக வாங்கி அடுக்கினால் பிள்ளை வாசகனாகிவிடும் என்று பொருளில்லை. அந்த எண்பது எப்படிச் சேர்ந்தன, வீட்டில் யார் அவற்றை எடுத்துப் புரட்டினார்கள், புரட்டும்போது குழந்தை மடியில் இருந்ததா என்பதையெல்லாம் எண்ணிக்கை சொல்லாது.

இன்னொன்றும் உண்டு, குழந்தை தன்னைப் போன்ற ஒருவரைப் புத்தகத்தில் பார்ப்பது. ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதியபோது புத்தகங்களைக் கண்ணாடி என்றும் ஜன்னல் என்றும் பிரித்தார்: சிலவற்றில் நம் முகம் தெரியும், சிலவற்றில் அடுத்தவர் வாழ்க்கை தெரியும். ஜன்னலாகவே படித்து வளரும் பிள்ளைக்குக் கதை என்பது வேறு யாருக்கோ நடப்பது என்று தோன்றிவிடும், கண்ணாடியையே பார்த்து வளர்வதிலும் வேறு விதமான நஷ்டம் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு விஷயம் மிச்சம் நிற்கிறது. பழைய புத்தகத்தைப் பெரியவனாகித் திரும்ப எடுத்தால் ஏன் அப்படி ஏமாற்றுகிறது? எனக்கு ஒன்பது வயதில் ஒரு துப்பறியும் கதை பைத்தியமாகப் பிடித்திருந்தது. அதில் ஒரு சுரங்கப்பாதை வரும். ஈரச் சுவர், அணையப்போகும் விளக்கு, வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கும் வழி, என் நினைவில் அது ஒரு முழு அத்தியாயம். சில மாதங்களுக்கு முன் அதே பதிப்பு கையில் கிடைத்தது. தேடிப் பிடித்துப் பார்த்தால் சுரங்கம் இரண்டு பத்திதான், சுவர் ஈரமாக இருந்ததாக எந்த வரியும் இல்லை. படித்து முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

முதலில் வருத்தமாகத்தான் இருந்தது, அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆங்கிலம் படிக்கும் பெரியவர்கள் நிமிடத்துக்குச் சராசரியாக 240 சொல் வரை மனதுக்குள் படிக்கிறார்கள் என்கிறார்கள், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை அதில் பாதியைத் தொட்டாலே பெரிது. நான் சுரங்கத்தில் இரண்டு மடங்கு நேரமாவது இருந்திருக்கிறேன், அதுவும் ஒரு தடவையில்லை, எத்தனையோ தடவை. போதாததற்கு, விரும்பிப் படிக்கிறவர்கள் தங்களுக்கு ரொம்பப் பிடித்த இடம் வரும்போது வேகத்தைக் குறைக்கிறார்கள் என்று 1988-இல் விக்டர் நெல் அளந்தே சொல்லியிருக்கிறார். மெதுவாகப் போகிறவன் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவான், சுவர் ஈரமாவது அப்போதுதான். எழுதியவர் இரண்டு பத்தியில் விட்டதை மீதி அத்தியாயமாக நான்தான் எழுதியிருக்கிறேன் போல. அந்த வேகத்தில் இப்போது என்னால் படிக்க முடியாது, சரளம் வந்துவிட்டது, அதற்குக் கொடுத்த விலை அது.

புத்தகத்தைத் தங்கை மகளிடம் கொடுத்தேன், சுரங்கத்தைப் பற்றி வாய் திறக்காமல். வாங்கியவள் மூன்று தடவை படித்துவிட்டாள், நாலாவது ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த இடம் பிடித்தது என்று கேட்டால், முதல் அத்தியாயத்தில் பக்கத்து வீட்டு நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடமாம். கதையில் நாய் இருந்ததே எனக்கு நினைவில்லை.